இன்பமலரின் ஆறு நிமிடம்

மாரி மழை ஓய்ந்து தை பிறந்துவிட்டால் திருகோணமலைக்குக் கலைத்தாகம் எடுக்கும். மதிலெல்லாம் நோட்டீஸ் ஏறும். இந்த வருடம் மட்டும் நான்கு மேடையேற்றங்கள். முதலாவது, பழைய மாணவர் சங்கத்தின் இசை நாடகம். அதில் பாட்டு பென் டிரைவிலிருந்து வரும், நடிகர்கள் வாயை அசைப்பார்கள்; போனமுறை பாட்டு நின்றுபோன பிறகும் இளவரசி இரண்டு வரி அசைத்து முடித்தாள். இரண்டாவது, கிண்ணியாக்காரரின் சமூக நாடகம். அது சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடும் என்பதால் நகரத்து ஆட்கள் அதன் முதல் காட்சியைப் பார்த்ததே கிடையாது. மூன்றாவது, தவக்காலத்தில் பங்குக் கோயிலில் நடக்கும் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சி. நான்காவது, தவக்காலத்துக்கு முன்னரே மேடையேறும் எங்கள் மன்றத்தின் ‘வேலிக்கு அப்பால் கடல்’.

எங்கள் மன்றத்துக்கு நான் செயலாளர். கதிரை அடுக்குவதும் நோட்டீஸ் அடிப்பதும் பேச்சு வாங்குவதும் என் பதவியின் கடமைகள். தலைவர், எழுத்தாளர், நெறியாளர், கதாநாயகன் ஆகிய நான்கு பதவிகளையும் லெஸ்லி சேர் ஒருவரே சுமக்கிறார். அறுபத்து நான்கு வயதில் இவ்வளவு பாரத்தைத் தூக்குகிறாரே என்று பலர் வியந்திருக்கிறார்கள். யாராவது கை கொடுக்க வந்தால் அவருக்குக் கோபம் வரும் என்பது வியப்பவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது இன்பமலர் அக்காவைப் பற்றி. ஐம்பத்து மூன்று வயது. பகலில் ஓர்ஸ் ஹில்லில் ஓர் அரச அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவில் இருப்பார். பின்னேரங்களில் எங்களுக்குக் கொப்பி பார்ப்பார். அதாவது, மேடைக்கு இடப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கையில் டோர்ச்சும் நாடகப் பிரதியுமாக இருந்து, நடிகர்கள் மறந்துபோகும் வசனத்தை மெதுவாக எடுத்துக்கொடுப்பார். இருபத்தேழு வருடமாக அதே வேலை. யாருக்கு எந்த இடத்தில் நாக்கு இடறும் என்பது அவருக்கு அத்துப்படி. லெஸ்லி சேருக்கு அவரே எழுதிய வசனம் நினைவில் நிற்காது. தான் எழுதியதைத் தானே மறக்கவும் ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமையைச் சனம் இருபத்தேழு வருடமாகக் கண்டுபிடிக்காததற்குக் காரணம் அக்காவின் குரல்தான். நடிகனின் காதுவரை போகும், முதல் வரிசைக்குக் கேட்காது. அளந்து வைத்த குரல்.

அக்கா எங்களிடம் சேர்ந்தது நடிப்பதற்காக. அதை எல்லாரும் மறந்துவிட்டோம், அவரைத் தவிர. ஒவ்வொரு வருடமும் லெஸ்லி சேர் அடுத்த முறை பார்ப்போம் என்பார். அடுத்த முறை யாராவது ஒருவரின் மகள் வருவாள், நன்றாக நடிப்பாள், கலியாணம் கட்டிக் கனடா போவாள். அந்த நாட்டின் கலை வளர்ச்சிக்கு எங்கள் மன்றம் செய்த தொண்டு கொஞ்சமல்ல. இந்த முறை நிரோஷினி. மேடையேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது விசா வந்து போய்விட்டாள். அவளுடைய பாத்திரத்தின் வசனம் முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் மன்றத்தில் ஒருவர்தான் இருந்தார். ஆனாலும் லெஸ்லி சேர் மூன்று நாள் யோசித்தார். வாசலில் நடிகைகள் வரிசையில் நிற்பதுபோல ஒரு யோசனை. நான்காம் நாள்தான் சம்மதித்தார்.

பாத்திரத்தின் பெயர் பிலோமினா. கரையை வேலி போட்டு அடைத்துவிட்ட ஓர் அதிகாரியிடம் கடைசிக் காட்சியில் வந்து ஆறு நிமிடம் பேசுகிற மீனவப் பெண். அதற்கு முந்திய ஏறக்குறைய ஒரு மணி நேரமும் லெஸ்லி சேர்தான் பேசுவார். அந்த ஆறு நிமிடத்துக்காக அக்கா மிச்சமிருந்த வேலை நாளெல்லாம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அலுவலகத்தின் பின்பக்கக் கோப்பறைக்குள் நின்று பேசிப் பார்த்தார். ஒருநாள் நான் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“இருபத்தேழு வருசமா மற்ற ஆக்களுக்குச் சொல்லிக்குடுத்த வாய், தம்பி. ஒருக்கா எனக்கெண்டு கதைச்சுப் பாக்கவேணும். பிறகு நான் திரும்பவும் கதிரையில போய் இருந்திடுவன்” என்றார்.

அதிகாரியாக நடிப்பதற்கு அஞ்சலோவைப் போட்டிருந்தோம். அஞ்சலோதான் பங்கின் திருப்பாடுகளின் காட்சியில் ஒன்பது வருடமாக இயேசு. வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்துவிட்டாலும் அந்தப் பதவியை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தவக்காலம் நெருங்கியதால் தாடியும் தலைமுடியும் வளர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நாடகத்துக்காக மழிக்கச் சொன்னோம். பங்குச் சுவாமியிடம் போய்க் கேளுங்கோ என்றார். ஆகவே, கரையை அடைக்கும் எங்கள் கொடிய அதிகாரி தோள்வரை முடியும் அருள் வழியும் தாடியுமாக வந்து நின்றார். ஒத்திகையில் அவர் முறைக்கும்போதெல்லாம் கோயில் பெண்கள் தங்களை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அழைப்பிதழில் நடந்தது என் பிழையும்தான், மறைக்கவில்லை. பிரதம விருந்தினர் ஒருவர், சிறப்பு விருந்தினர் நால்வர், கௌரவ விருந்தினர் ஏழு பேர், விசேட விருந்தினர் ஐந்து பேர். சிறப்புக்கும் விசேடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்க வேண்டாம். ஒருவரை விட்டால் மற்றவர் கோபிப்பார் என்று சேர்த்துக்கொண்டே போனதில் நாடகத்தின் பெயர் விடுபட்டுப்போனது. அச்சுக்குப் போகுமுன் ஐந்து பேர் பிழை பார்த்தோம். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தேடி, இனிஷல் சரியா என்று பார்த்து, திருப்தியாகக் கையெழுத்து வைத்தோம். நானூறு அழைப்பிதழ் அப்படியே வந்து இறங்கியது. எந்த விருந்தினரும் குறை சொல்லவில்லை.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் ஸைனுலாப்தீன் நானா. வீடு தம்பலகாமத்தில். இருட்டியபின் வயல் பக்கத்து ரோட்டில் யானை இறங்கும் என்பதால், சரியாக எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார். மேடையில் யார் நின்றாலும் சரி. போன வருடம் நாங்கள் போட்ட மர்ம நாடகத்தில் கொலை செய்தது யார் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. யானைக்கு முன்னால் கலையாவது மண்ணாவது என்பது அவருடைய கொள்கை, அதில் தப்பும் சொல்ல முடியாது.

நாலு மணி என்று போட்டிருந்தோம். பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் ஒருவர். ஐந்து இருபதுக்கு வந்து இறங்கினார். மாலை போட்டு, மேளம் அடித்து, மண்டபத்தின் வாசலிலிருந்து முன்வரிசைக்கு அழைத்துப்போகவே பத்து நிமிடம். பிறகு விளக்கேற்றல், வரவேற்பு நடனம், நான்கு சமயத்து ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். நேரம் போதாததால் சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அதை விளக்கிச் சொல்லவே ஒவ்வொருவருக்கும் ஏழெட்டு நிமிடம் தேவைப்பட்டது. திரை விலகும்போது ஆறு ஐம்பது. நாடகமோ ஒரு மணி நேரத்துக்கு மேல்.

திரைக்குப் பின்னால் அக்கா பிலோமினாவின் பழைய நூல்சேலையில், தலையில் பூவும் இல்லாமல் இருந்தார். அன்றைக்குக் கொப்பி பார்க்கும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். முதல் காட்சியிலேயே நான் பக்கம் மாறி லெஸ்லி சேருக்கு அவருடைய மேடை மனைவியின் வசனத்தைக் கொடுத்துவிட்டேன். அவரும் தயங்காமல் “என்ர அவரைக் கண்டனீங்களோ” என்று கேட்டார். அக்கா என் கையிலிருந்து கொப்பியை வாங்கிக்கொண்டார். அவருடைய மற்றக் கை மணிக்கூட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. மேடையில் லெஸ்லி சேர் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் கைதட்டலுக்காகக் காத்து நின்றார். கைதட்டல் வராத இடங்களில் கூடுதலாகக் காத்து நின்றார்.

மூன்றாம் காட்சி முடியும்போது ஏழு நாற்பத்திரண்டு. திரை மூடியதும் கடைசிக் காட்சிக்கான மேசையும் கதிரையும் மேடையில் வைத்தாயிற்று. அஞ்சலோ போய் உட்கார்ந்து தாடியையும் தடவிவிட்டார். அப்போது லெஸ்லி சேர் வியர்வையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். பிரதம விருந்தினர் புறப்பட நிற்கிறார், எட்டுக்கு லைட்டும் போய்விடும், நினைவுச்சின்னம் இன்னும் கொடுக்கவில்லை என்றார்.

“கடைசிக் காட்சியை விடுவம், இன்பம். சனத்துக்குக் கதை விளங்கிட்டுது.”

அக்கா டோர்ச்சை அணைத்தார். அந்த இடத்தில் நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். நினைவுச்சின்னம் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்றுதான் என் தலை ஓடியது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வரவேற்பு நடனப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டதால் தட்டம் ஏந்த ஆளில்லை. லெஸ்லி சேர் சுற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் சேலையோடு நிற்கிறீர்கள்தானே என்று அக்காவின் கையில் தட்டத்தைக் கொடுத்தார். அக்கா கொப்பியை மூடிக் கதிரையில் வைத்துவிட்டுத் தட்டத்தோடு மேடைக்குப் போனார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காததுபோல நின்றேன்.

திரையைத் திறந்து பணிப்பாளரை மேலே ஏற்றினார்கள். அஞ்சலோவை எழுப்பி ஓரமாக நிற்கவிட்டார்கள். பொன்னாடை போர்த்தியாயிற்று, கண்ணாடிப் பெட்டிக்குள் நீந்தும் ஒரு திமிங்கிலத்தையும் நினைவுச்சின்னமாகக் கொடுத்தாயிற்று. இறங்கவேண்டிய மனிதர் மைக்கைப் பிடித்து, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். கலை சமூகத்தின் கண்ணாடி என்றார். கரையோர மக்களின் குறைகளைப் பொறுமையாகக் கேட்பதே தன் வாழ்க்கையின் இலட்சியம் என்றார். இந்த அருமையான நடனத்தை வழங்கிய மன்றத்துக்கு நன்றி என்றார். மூச்செடுக்க ஒரு கணம் நிறுத்தினார்.

“ஐயா, நீங்கள் கதைச்சு முடிச்சாச்செண்டால் நான் கொஞ்சம் கதைக்கலாமோ?”

தட்டத்தைப் பிடித்தபடி அக்கா கேட்டார். அது பிலோமினாவின் முதல் வசனம். அது எனக்குத் தெரியும், லெஸ்லி சேருக்குத் தெரியும், அஞ்சலோவுக்குத் தெரியும். பணிப்பாளருக்குத் தெரியாது. அவர் அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த மைக்கைப் பார்த்தார். பொறுமையாகக் கேட்பேன் என்று இப்போதுதான் நானூறு பேருக்கு முன்னால் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த அதிகாரியின் கதிரையில் உட்கார்ந்தார். அஞ்சலோ இரண்டு மாதம் பழகியும் வராத இருப்பு அவருக்கு ஒத்திகை இல்லாமலே வந்தது.

அக்கா தட்டத்தை மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். மைக் இல்லை. எனக்கு அந்தக் குரலைக் கிசுகிசுப்பாக மட்டும்தான் தெரியும். அன்றைக்குக் கடைசி வரிசைவரை போனது. வேலிக்கு இந்தப் பக்கம் வெயிலில் வெடித்துக் கிடக்கும் தோணியைப் பற்றிச் சொன்னார். பதினொரு தரம் எழுதிய கடிதம் பதினொரு தரமும் ‘உரிய படிவத்தில் இல்லை’ என்று திரும்பியதைச் சொன்னார். “நீங்கள் கடலை மூடேல்ல, ஐயா. கடலுக்குப் போற வழியைத்தான் மூடினீங்கள்” என்றபோது சனம் கச்சான் கடலைக் கோது உடைப்பதை நிறுத்தியது. பணிப்பாளர் பொன்னாடையை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? எட்டு மணியானதும் ஸைனுலாப்தீன் நானா சுவிட்சில் கையை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

அந்தக் காட்சியில் அதிகாரிக்கு முடிவில் ஒரே ஒரு வசனம். பிலோமினா பேசி முடிய அவர் அதைச் சொல்ல வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், திரை விழ வேண்டும். அக்கா பேசி முடித்தார். மண்டபம் முழுவதும் கதிரையில் இருந்தவரைப் பார்த்தது. எத்தனையோ மேடையில் பேசிய மனிதர், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அக்காவின் உதடு மெல்ல அசைந்தது. முதல் வரிசைக்குக் கேட்காத குரல். திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

“பேரென்ன எண்டு கேளுங்கோ.”

பணிப்பாளர் மைக்கைத் தூக்கவில்லை. தாழ்ந்த குரலில், “உங்கட பேர் என்ன?” என்று கேட்டார்.

“இன்பமலர்” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றக் கூட்டத்தில் லெஸ்லி சேர் எழுந்து, கடைசி வசனம் பிழை, பிரதியில் பிலோமினா என்றுதான் இருக்கிறது என்று கண்டித்தார். பிரதியை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. செயலாளர் என்ற முறையில் அந்தப் பெயரை வெட்டிவிட்டு, மேலே இன்பமலர் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.