மாமாவின் பின்பாரம்

மாமா மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னால் ஏதாவது பாரம் இல்லாமல் போகமாட்டார். முதலில் அந்தப் பாரம் அரை மூட்டை உருளைக்கிழங்கு. பிறகு நான்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. கோடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ஸ்டோர் பார்த்தார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். சீமைக்குத் திரும்பிய ஒரு வாத்தியார் துரை தன் வண்டியை மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். வண்டி யானைக்குட்டி மாதிரி இருக்கும். மாமா முருங்கைக்காய் மாதிரி இருப்பார்.

மலைப்பாதையில் எல்லாமே ஊர்ந்துதான் போகும் என்பதால் கவலையில்லை. அடிவாரத்து ஊரான காட்ரோட்டில் மலை முடிந்து சமதளம் வந்ததும் லாரிகளுக்கு இறக்கை முளைத்துவிடும். ஒரு லாரி முந்திக்கொண்டு போனால் அதன் காற்று முதலில் மாமாவை ஓரத்துக்குத் தள்ளும். அதைத் தாங்க அவர் லாரிப் பக்கம் சாய்வார். மறுகணமே தள்ளிய காற்று உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். சாய்ந்த மனிதர் லாரிச் சக்கரத்தை நோக்கியே போவார். பின்னால் பாரம் இருந்தால் வண்டி அசையாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். விடுதிக் கிழங்கு அடிக்கடி ஊர் சுற்றுவதாக மேலிடத்துக்குப் புகார் போனபின் என்னை ஏற்றிக்கொண்டார். எட்டு வயதில் நான் நன்றாகவே சாப்பிடுவேன். அவருக்கு நான்தான் செல்லம் என்று நினைத்து ரொம்பப் பெருமையாக உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் வத்தலக்குண்டில் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். மாப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று தரகர் அங்கே சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா லாரி வைத்திருக்கிறார் என்று இங்கே சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு இடங்களில் மாமாவின் உடம்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி எந்த வீட்டு வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அம்மா இரண்டு நாள் அழுதாள். இந்தத் தடவை உடம்பை மறைக்க வண்டி இருந்தது. பெரியவர்கள் முதல் பஸ்ஸில் போக, நானும் மாமாவும் பின்னால் வண்டியில் கிளம்பினோம்.

காட்ரோட்டைத் தாண்டிப் புளியமரங்களுக்கு நடுவே போகும்போது பின்னால் ஹாரன் கேட்டது.

"இறுக்கிப் புடிச்சுக்க, பாப்பா!"

தார்ப்பாய் படபடக்க ஒரு லாரி கடந்தது. காற்று தள்ளியது, பிறகு இழுத்தது. மாமா பதறிப்போய் பிரேக்கை அழுத்தி வண்டியை வெளியே திருப்பினார். அது சாலையை விட்டு இறங்கி, மண்ணில் ஆடிக்கொண்டே ஒரு மரத்தை நோக்கிப் போனது. மாமா கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பி என்னை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு கீழே விழுந்தார். நான் அவர் நெஞ்சின்மேல் விழுந்தேன். துரையின் வண்டி தனியாகப் போய் மரத்தில் மோதியது.

எனக்குக் கீறல்கூட இல்லை. மாமாவுக்கு முழங்கை உரிந்து, புதுச்சட்டை கிழிந்திருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்ட லாரிக்காரர் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். காக்கிச் சட்டை, நரைத்த மீசை.

"தாயி, அடி கிடி பட்டுச்சா?" என்று முதலில் என்னைத்தான் கேட்டார். பிறகு மாமாவைப் பார்த்து, "ஏந்தம்பி, பின்னாடி சின்னப்புள்ளய வச்சுக்கிட்டு இம்புட்டு ஒட்டியா வருவாங்க?" என்றார்.

அவரும் கிளீனரும் வண்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். உள்ளே இருந்தது உருளைக்கிழங்கு மூட்டை. வண்டி அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

நாங்கள் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தோம். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, பொண்ணு பாக்கப் போறேன். வண்டி ரிப்பேர்னு மட்டும் சொல்லிக்கிறேன். விழுந்தது வெளிய தெரிய வேணாம்."

"எந்த வீடு தம்பி?"

மாமா தெருவைச் சொல்லி, "லாரி ஓனர் வீடுண்ணே," என்றார்.

அவர் மாமாவை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மாமாவை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "விழுகும்போது மாமா என்ன பண்ணுனாரு, தாயி?"

எனக்கு அப்போது மாமா மேல் கடுங்கோபம். "ஹேண்டில்பாரப் புடிச்சிருந்தா வண்டி தப்பிச்சிருக்கும். அத விட்டுட்டு என்னயப் போயிப் புடிச்சாரு," என்றேன். மாமா என் தொடையைக் கிள்ளினார்.

லாரி அந்தத் தெருவுக்குள் திரும்பி, பந்தல் போட்ட ஒரு வீட்டுமுன் நின்றது. "எறங்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் முதலில் உள்ளே போனார். சொந்த வீட்டில் நடப்பதுபோல நடந்து, ஆணியில் துண்டை மாட்டினார். தரகர் ஓடிவந்து, இவர்தான் பெண்ணின் அப்பா என்று அறிமுகம் செய்துவைத்தார். மாமாவின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று எனக்கு அழுகை வந்தது. கேசரி கொடுத்தார்கள், தொடவில்லை.

அந்த மனிதர் சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வண்டியைப் பற்றியும் பேச்செடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஏதோ மெதுவாகக் கேட்டார். அவள் தலையசைத்ததும் என் அம்மாவிடம் வந்தார்.

"எங்களுக்குச் சம்மதம்ங்க. தை பொறக்கட்டும்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா, "மோட்டார் சைக்கிள் இருக்கவும்தான் குடுத்தாங்க," என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டு வந்தாள். மாமா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு உடைந்து, சக்கரம் நெளிந்து, மூட்டைமேல் கிடந்த வண்டியைப் பார்த்தா கொடுத்தார்கள் என்று நான் யோசித்தேன். நல்லவேளை, லாரிச் சத்தத்தில் நான் சொன்னது பெண்ணின் அப்பா காதில் விழவில்லை என்று முடிவு செய்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.