அத்தான் கதை சொன்ன கொட்டகை

அந்தப் படக்கொட்டகையை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது திரையல்ல, நடுவில் தொங்கிய பச்சைத் துணிதான். ஆண்களையும் பெண்களையும் பிரிப்பதற்காகப் பின்சுவரிலிருந்து மேடைவரை கம்பி இழுத்து அதை மாட்டியிருந்தார்கள். வலப்பக்கம் ஆண்களுக்குப் பதினான்கு பெஞ்சு, இடப்பக்கம் பெண்களுக்கு எட்டு. ஆண்கள் முன்வாசல் வழியாக வருவார்கள். பெண்களுக்குச் சந்துப் பக்கம் தனி வாசல். மலாக்காவின் பழைய தியேட்டர்களைப் பற்றி யார் எழுதினாலும் தேடிப் பார்க்கிறேன். எங்கள் கொட்டகை பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தாலும் ‘மரக்கிடங்கு’ என்று தப்பாகப் போடுகிறார்கள். கிடங்கானது பிற்பாடு. அதற்கு முன்னே அது எங்கள் காஜா பெராங் வட்டாரத்தின் ஒரே சந்தோஷமாக இருந்தது.

ஆதியில் அங்கே மலாய்க்காரர்களின் பாட்டு நாடகமான பங்சவான் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் குழுக்களும் அந்த மேடையில் ஆடியிருக்கின்றன. பிறகு பேசாத படம் வந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர்தான் என் அக்காளின் கணவர். அத்தானுக்குக் கணீரென்ற குரல். ராஜாவுக்கு ஒரு தொண்டை, ராணிக்கு ஒரு தொண்டை வைத்திருந்தார். படம் பேச ஆரம்பித்ததும் அவர் பேச்சு நின்றது. முதலாளி அவரை வாசலில் டிக்கெட் கிழிக்க நிறுத்திவிட்டார். வீட்டில் அவர் வாய் திறப்பதே குறைந்துபோனது.

ஜப்பான்காரன் வந்து அவருக்குத் தொண்டையைத் திருப்பிக் கொடுத்தான். தமிழ்ப் படம் வருவது நின்று, ஜப்பானியப் படம் வந்தது. யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. அத்தான் மறுபடி திரைக்குப் பக்கத்தில் ஏறினார். அவருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அதற்காகத்தான் கூட்டம் வந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு காய்ந்த சனம், அவர் சொல்லும் பொய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகும். என் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டதால் பத்தொன்பது வயதில் வேலையில்லாமல் இருந்த நானும், சைக்கிள் கடை வைத்திருந்த என் அண்ணனும் ஒரு படம் விடமாட்டோம். நாங்கள் இருவருமே அக்கா வீட்டில்தான் இருந்தோம்.

ஒருநாள் திரையில் ஒரு தளபதி சாகிறான். அத்தான் சும்மா இருந்திருக்கலாம். “ஏய், மாமியா வர்றா! செத்த மாதிரி படுத்துக்கோ லா!” என்றார். கொட்டகை அதிர்ந்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் பெஞ்சிலிருந்து விழுந்தான். அன்றைக்குப் பின்வரிசையில், தமிழ் தெரிந்த ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ராணுவ அதிகாரி உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது. படம் முடியுமுன் அத்தானை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவர் தலையோடு திரும்பமாட்டார் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் அவர் நடந்தே வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அக்கா துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அடுத்த நாளே அத்தான் தகரக் குழலை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். “ஊர்லேருந்து வந்த தமிழ்ப் படம்! பாட்டு இருக்கு, சண்டை இருக்கு! எல்லாருக்கும் இலவசம், குடும்பத்தோட வாங்க!” தமிழ்ப் படம் என்றதும் சனத்துக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

படத்தன்று மதியம் நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் வந்து, “தம்பி, தெங்கேராவுல ஒரு சீனர் வீட்ல ரெண்டு காத்தி அரிசி தர்றேன்னிருக்காங்க. நீ போய் வாங்கிட்டு வா. எவ்வளவு நேரமானாலும் நின்னு வாங்கு” என்றார். எனக்கு ஆத்திரம். “அண்ணன் போகட்டுமே.” “அவன் மொத பெஞ்சுல இருக்கணும், நான் சொல்லிட்டேன்.” அண்ணன், “படிச்சவனத்தான் அரிசி வாங்க அனுப்பணும், நல்லா எண்ணி வாங்குவான்” என்று கேலி செய்துவிட்டுத் தலை வாரினான்.

தெங்கேராவில் அந்த வீட்டுக்காரருக்கு அரிசி விஷயமே தெரியவில்லை. அத்தான் சொன்னாரே என்று பொழுது சாயும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது எங்கள் தெருவில் ஒரே ஒப்பாரி.

பக்கத்து வீட்டுப் பால்காரம்மாதான் எனக்குச் சொன்னார். படம் பாதியில் நின்றிருக்கிறது. முன்வாசலை வெளியே பூட்டிவிட்டார்கள், லோரிச் சத்தம். சந்து வாசல் மட்டும் திறந்து பெண்களைப் போகச் சொன்னார்கள். பால்காரம்மா பச்சைத் துணியை விலக்கி, முதல் பெஞ்சிலிருந்த அண்ணனின் கையைப் பிடித்திருக்கிறார். “இந்தாப்பா, என் முக்காட்டப் போத்திக்கிட்டு எங்களோட வந்துரு” என்று கெஞ்சியிருக்கிறார். அண்ணன் சிரித்தானாம். “பொம்பளைங்க வாசல்லயா? நாளைக்கு ஊருல தல காட்ட முடியுமாக்கா? அத்தான் இருக்காரு, பாத்துக்குவாரு.” அவரைப் போலவே வேறு சில பெண்களும் தங்கள் வீட்டு ஆண்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு ஆண்பிள்ளைகூட அந்தத் துணியைத் தாண்டவில்லை.

மலாக்காவுக்கு வந்த தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோன ஜப்பான்காரர்கள், அங்கே ரயில் பாதை போட ஆட்களையும் அப்படித்தான் அள்ளினார்கள். அத்தான் மேடைக்குப் பின்னால் அடைபட்டிருந்ததாகச் சொன்னார். எங்களோடு சேர்ந்து அழுதார். நம்பினேன். பொய் அரிசியைப் பற்றிக் கேட்டதற்கு, சீனன் பேச்சு மாறிவிட்டான் என்றார். அதையும் நம்பினேன். அவர் கதை சொல்பவர் என்பது ஏன் எனக்கு உறைக்கவில்லையோ தெரியவில்லை.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து எங்கள் தெருவுக்கு இரண்டே பேர் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, அண்ணன் பேதியில் போனதைச் சொன்னார். போகும்போது, “அவன மொத பெஞ்சுல பாத்துத்தான் நாங்கள்லாம் தைரியமா உள்ள போனோம்” என்றார். அவர் படியிறங்கியதும் நான் அத்தானைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்” என்றேன்.

“என் தலையக் கேட்டானுங்க. இல்லன்னா கொட்டகை நெறைய ஆளக் கேட்டானுங்க” என்றார். அந்தக் குரல் ராஜாவுடையதும் இல்லை, ராணியுடையதும் இல்லை. “வீட்டு ஆளு ஒருத்தன் முன்னால ஒக்காரலன்னா, ஊரு நம்பி வருமா தம்பி?”

“அப்ப என்னை மட்டும் ஏன் அனுப்பினீங்க?”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். அடுப்படி வாசலில் அக்கா நின்றிருந்தாள். “நான்தான் அவரு கால்ல விழுந்தேன்” என்றாள். “ரெண்டு பேரையும் விட முடியாது, ஒருத்தனச் சொல்லுன்னாரு.”

அத்தானை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அவர் செத்த அன்றுகூட அது குறையவில்லை. அக்காளை என்ன செய்வதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை. அவள் சொன்ன அந்த நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது, படத்தன்று மதியச் சாப்பாடு. என் தட்டில் மரவள்ளிக் கிழங்கு மூன்று துண்டு. அண்ணன் தட்டில் ஐந்து. “அவனுக்கு மட்டும் என்ன கூட?” என்று நான் சண்டை பிடித்தேன். அக்கா தன் பங்கையும் எடுத்து அண்ணன் தட்டில் வைத்தாள்.