ஆமென் சொன்ன பிறகு ஊசி

பிரியமானவர்களே, இந்தச் சாட்சியைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தோடு போய் நின்றபோதும் ஆண்டவர் என்னைத் தள்ளிவிடவில்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் சுகந்தி. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். எனக்கு வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஏஞ்சல். அவளுக்கு ஐந்து வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வருவது போல மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை இது. அவள் உடம்பில் இன்சுலின் சுரக்காது. தினமும் ஊசியில் போட்டால்தான் உண்டு. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

சின்னப் பிள்ளைக்கு எப்படி சுகர் வரும், என்னத்தைக் கொடுத்து வளர்த்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. யார் செய்த பாவமோ என்று ஆராதனை முடிந்து செருப்பு போடும்போது என் காதுபடவே பேசினார்கள். கொஞ்ச காலம் அழுதேன். அப்புறம் அழுவதை விட்டுவிட்டேன். ஊசி போடவே நேரம் சரியாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் மருந்தை ஊசியில் ஏற்றும்போது சத்தமாக ஜெபிப்பேன். ஏஞ்சல் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் ஆமென் சொன்ன பிறகுதான் ஊசி இறங்கும். நான் ஜெபத்தை நீட்டினால், "போதும்மா, பசிக்குது, ஆமென்" என்று அவளே முடித்து வைத்துவிடுவாள்.

2020 ஏப்ரல். முதல் ஊரடங்கு. அப்போது ஏஞ்சல் மூன்றாம் வகுப்பு. இரண்டு கம்பெனியும் மூடிக் கிடந்தன. அதைக்கூட சமாளித்துவிடலாம். ரயில் நின்றதுதான் எங்களை நடுங்க வைத்தது. மாதா மாதம் ரயில் ஏறி சென்னைக்குப் போய், பெரிய ஆஸ்பத்திரியில்தான் அவளுக்கு மருந்து வாங்கி வருவேன். இங்கே மருந்துக் கடைகளில் கேட்டால் அந்த மருந்து வரவில்லை என்றார்கள். பொன்னேரி வரை என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கே முழுக்க கொரோனா நோயாளிகள், பிள்ளை மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸில் கூட்டி வாருங்கள் என்றார்கள். மயங்கி விழும்வரை காத்திருக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

குப்பியைத் தூக்கிப் பார்க்கிறேன். மருந்து அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்போதுதான் மேரி அண்ணி போன் செய்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. சபையில் ஜெபக்குழு நடத்துகிறவர். "சுகந்தி, இது உன் விசுவாசத்துக்கு வந்த சோதனை. ஊசிய நிறுத்து. ஊட்ல எல்லாரும் உபவாசம் இருங்க, குழந்தையும் சேர்த்து. ஆண்டவரு சுகம் குடுப்பாரு" என்றார்.

"நான் உபவாசம் இருக்கறேன் அண்ணி. ஏஞ்சல் இருக்க மாட்டா. அவ சாப்புடுவா, ஊசி போட்டுக்குவா" என்றேன்.

"நீ ஊசிய நம்புறியா, ஆண்டவர நம்புறியா?"

"இந்த ஊசிய இத்தினி வருஷமா குடுத்துக்கினு வந்தவரே அவருதான் அண்ணி" என்று போனை வைத்துவிட்டேன்.

எங்கள் லைனில் கடைசி வீடு தாஸ் அண்ணனுடையது. பழவேற்காட்டிலிருந்து சென்னைக்கு மீன் வண்டி ஓட்டுபவர். மீன் வண்டிக்குப் பாஸ் இருந்தது. அவரிடம் போய் நின்றேன். சென்னை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் போனில் பேசி, மருந்துச் சீட்டைக் கொண்டு வருகிறவரிடம் மருந்தைக் கொடுக்கச் சம்மதம் வாங்கினேன். தாஸ் அண்ணன் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "அண்ணா, சில்லுனு வெச்சி எடுத்தாரணும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மதியம் வண்டி வந்தது. முகமெல்லாம் சிரிப்போடு தெர்மாகோல் பெட்டியைத் தூக்கி வந்தார். "ஒன்னும் கவலப்படாத தங்கச்சி. வஞ்சிர மீனுக்குக்கூட இவ்ளோ ஐஸ் போட்டதில்ல. நல்லா உள்ள பொதைச்சி எடுத்தாந்துக்கிறேன்" என்றார்.

மீன்காரருக்குச் சில்லென்று இருப்பது என்றால் ஐஸில் புதைப்பதுதான். அவர் மேல் என்ன தப்பு? எடுத்துப் பார்த்தால் குப்பிகள் கல்லு மாதிரி உறைந்திருந்தன. இன்சுலின் குளிர்ச்சியில் இருக்கலாம், உறையக் கூடாது. உறைந்தால் அதன் சக்தி போய்விடும்.

மேசை மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கரைந்தது. பார்க்க நல்ல மருந்து போலவே இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. "கரைஞ்சிடுச்சே, போட்டுப் பாக்கலாமா?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன். உறைந்த மருந்தைப் போடவே கூடாது, தூக்கிப் போடுங்கள் என்றார். அத்தனையையும் தூக்கிப் போட்டேன்.

செய்தி எப்படித்தான் போனதோ, மேரி அண்ணி மறுபடியும் போனில். "பாத்தியா, ஆண்டவரே அந்த மருந்த வாணாம்னு மூடிட்டாரு."

"ஆண்டவரு மூடல அண்ணி. ஐஸ் மூடுச்சி" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே நொறுங்கிப் போயிருந்தேன். அடுப்படியில் முழங்கால் போட்டேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. சண்டைதான் வந்தது. "ஆண்டவரே, இந்த நோய் வந்தப்ப ஏன்னு நான் கேக்கல. இப்ப கேக்கறேன். மருந்த கையில குடுத்துட்டு புடுங்கறது இன்னா நியாயம்? எனக்கு ஆறுதல் வாணாம். மருந்துதான் வேணும். எம் பொண்ணு ஆமென் சொன்னா ஊசியில மருந்து இருக்கணும். வேற எதுக்கும் நான் ஒத்துக்க மாட்டேன்."

எழுந்து கதவைத் திறந்தால் தாஸ் அண்ணன் நிற்கிறார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மனுஷன் முகம் செத்துப் போயிருந்தது. "நான்தான் கெடுத்தேன் தங்கச்சி. நானே எடுத்தாறேன்."

"நாளைக்கு மீன் மார்க்கெட் மூடறாங்களாமே அண்ணா, வண்டிய உட மாட்டாங்களே?"

"மீன் ஏத்துனாதான உட மாட்டான்? இங்க பக்கத்துல ஆரணியில கத்திரிக்கா ஏத்திக்கினு போறேன். காய்கறிய எவன் நிறுத்துவான்?"

ஃபிரிட்ஜ் இல்லாத நாங்கள் டாக்டர் சொன்னபடி மருந்தை வைப்பது மண் பானையில்தான். பாதித் தண்ணீர், அதற்குள் இறுக மூடிய டப்பா, அதில் குப்பி. ஒரு சின்னப் பானையை அவரிடம் கொடுத்து, எப்படி வைப்பது என்று காட்டினேன். நர்ஸம்மாவிடம் மறுபடியும் போனில் கெஞ்சி, இன்னொரு தடவை மருந்து கொடுக்கச் சம்மதம் வாங்கினேன். விடியும்போதே அவர் கிளம்பினார்.

பழைய குப்பியில் மிச்சமிருந்த மருந்து அன்று காலை ஊசியோடு தீர்ந்தது. பொழுது சாய்ந்தது. வண்டி வரவில்லை. ஏஞ்சல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். சர்க்கரை ஏறுகிறது என்று அதற்கு அர்த்தம். ஊசி நேரம் ஆனதும், வழக்கம் போலச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஊசியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஜெபித்தேன். ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்கவில்லை.

"ஆமென்" என்றாள். அப்புறம், "ஊசி எங்கம்மா?" என்றாள்.

"வந்துக்கினு இருக்குது" என்றேன்.

அந்த வார்த்தையை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு காத்திருந்த நேரத்தைப் பற்றிப் பேச என்னால் முடியாது.

வண்டி வந்தது. தாஸ் அண்ணன் பானையைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். செக்போஸ்ட்டில் பிடித்துக்கொண்டார்களாம். மதுக்கடையெல்லாம் மூடியிருந்த நேரம், சாராயம் கடத்துகிறார் என்று நினைத்துவிட்டார்கள். "இறக்குடா பானையன்னாங்க. உள்ள குழந்த உசுரு இருக்குது சார், மோந்து பாருங்கன்னேன். மோந்தே பாத்துட்டாங்க தங்கச்சி" என்றார். பிறகு ஒரு போலீஸ்காரர் தானே தடுப்பை நகர்த்தி, முதல் வண்டியாக அனுப்பினாராம்.

குப்பியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, உறையவில்லை. ஊசியில் ஏற்றினேன். மறுபடி ஜெபிக்கப் போனேன். "அதான் ஆமென் சொல்லிட்டேனேம்மா, போடு" என்றாள் ஏஞ்சல். போட்டேன். அப்போதுதான் அழுதேன், அதுவும் பெரும் சத்தத்தோடு. அம்மன் படத்தை வண்டியில் வைத்திருக்கும் தாஸ் அண்ணன், எங்கள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்றைக்கு ஏஞ்சல் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். நான் மாறிவிட்டேன். முன்பு ஆண்டவரிடம் பயந்து பயந்து கேட்பேன். இப்போது பிள்ளை தகப்பனிடம் கேட்பது போலக் கேட்கிறேன். சர்க்கரை நோயுள்ள பிள்ளையைப் பெற்ற எந்தத் தாயைப் பார்த்தாலும் என் பானையை எடுத்துக் காட்டுகிறேன்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. நோய் போகவில்லை, மருந்து வந்தது. அது சின்னப் பதில் என்று யாராவது சொன்னால் என் மகளை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன்.

போன மாதம் காக்களூரில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு போதகர் ஐயா ஏஞ்சலின் தலையில் கைவைத்து, "இன்றோடு ஊசியை நிறுத்து மகளே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "ஜெபம் பண்ணுங்க ஐயா, நான் ஊசி போட்டுக்கினு வந்துடறேன்" என்று பையைத் திறந்தாள்.

பயந்து கிடக்கிற தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறேன். விடாமல் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கேட்பார். பிள்ளை ஆமென் சொன்னதும் மறக்காமல் ஊசியைப் போடுங்கள்.