கிளீனருக்கு எத்தனை வேலை

பிள்ளைகளே, நான் பத்தாவது வரைதான் படித்தவன். திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். உடம்பைப் பற்றிப் பாதி மட்டும் தெரிந்துகொண்டு நான் செய்த தப்பைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருசந்தி இருப்போம். நாளைக்கு ஒருவேளைதான் சாப்பாடு. சர்க்கரை வியாதி வந்த பிறகும் நான் அதை விடவில்லை. இந்த வருடம் போனில் ஒரு வீடியோ வந்தது. பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே தின்றுவிடுமாம், அதற்கென்றே சில புரதங்கள் உண்டாம். சாமிக்கும் ஆச்சு, சர்க்கரைக்கும் ஆச்சு என்று நினைத்துக்கொண்டேன். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஓமந்தூர் தாண்டியதும் கை நடுங்கியது. சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. ரோடு இரண்டாகத் தெரிந்தது. வண்டியில் பதினோரு பிள்ளைகள். எப்படியோ ஓரங்கட்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

முன்சீட்டில் இருந்த நாலாம் வகுப்புப் பெண், "இன்னா மாமா, வண்டி நின்னுபோச்சா?" என்றாள்.

"வண்டி இல்லம்மா. நான்தான்."

"எங்கப்பாவும் இப்டிதான் வேர்த்துக்கினு கெடப்பாரு. இந்தாங்க, ஜல்தி தின்னுங்க."

அவள் கடித்து மிச்சம் வைத்திருந்த மல்லாட்டை உருண்டை அது, வெல்லப்பாகில் பிடித்த வேர்க்கடலை. தின்றேன். கொஞ்ச நேரத்தில் ரோடு ஒன்றானது. ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொடப் பயம். வேறு டிரைவரை வரவழைத்துப் பிள்ளைகளை அனுப்பிவைத்தேன்.

என் மகள் விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள், பாடம் உயிரியல். வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்பா, மாத்திர போட்டா சாப்புடணும்னு தெரியாதா? பதினோரு புள்ளைங்கள வெச்சிக்கினு..."

"செல்லு சுத்தமாவும்னு சொன்னாங்களே."

"பட்டினி கெடந்தாதான் அந்தப் புரதங்க வேல செய்யும்னு நெனச்சியா? சாப்புட்டாலும் தெனமும் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சிக்கினுதான் இருக்கும். குப்பைய மட்டும் பாக்கறதும் இல்ல. செல்லுக்குள்ள சின்னச் சின்னப் பை இருக்கும், அது கிழிஞ்சா ஒட்டுப்போட அந்தப் புரதத்துல சிலது ஓடும். உள்ள பூந்த கிருமியப் புடிக்கவும் ஒத்தாச பண்ணும். செல்லு வெளிய அனுப்பற சரக்க ஏத்திவுடவும் கூடமாட நிக்கும்."

களைப்பில் பாதிதான் காதில் ஏறியது. ஆனால் ஒன்று புரிந்தது. நானும் நாலு வருடம் லாரியில் கிளீனராக இருந்தவன். பேர்தான் கிளீனர். வண்டியைத் துடைத்தது கொஞ்சம். டயர் கழற்றியது, தார்ப்பாயில் கிழிசல் தைத்தது, சரக்கு ஏற்றியது, ரிவர்ஸ் பார்த்தது எல்லாம் நான்தான். குப்பை தின்னும் புரதம் என்ற பேரை வைத்து அதன் வேலையை எடை போட்டுவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். மாத்திரை அளவை மாற்றி எழுதினார். எங்கள் பங்குச் சாமியாரிடமும் சொன்னேன். "நோயாளிக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லப்பா. யாரு உன்ன இருக்கச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லைதான்.

ஒரு வாரம் வண்டி எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, நடந்ததைப் பெற்றவர்களிடம் சொன்னேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இப்போது வேறு வேனில் போகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அந்தப் பெண் மட்டும் தினமும் படியில் ஒரு காலை வைத்து நின்றுகொள்கிறாள்.

"சாப்ட்டீங்களா மாமா?"

"சாப்ட்டேம்மா."

"இன்னா சாப்ட்டீங்க?"

"நாலு இட்லி."

அதைக் கேட்ட பிறகுதான் மற்றொரு காலை எடுத்து வைக்கிறாள்.