சுடுதண்ணீரை ஊற்றியது நான்தான்

சகோதரங்களே, என் கால் போன கதையைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு பொய் இருந்தது.

இரண்டு வருசத்துக்கு முன் தவக்காலத்தில், ஓலைத்தொடுவாய்க் கரையில் வலை இழுக்கும்போது என் வலது பாதத்தில் திருக்கை முள் ஏறியது. திருக்கை குத்தினால் சூடு காட்டுவது எங்கள் வழக்கம். கரையில் எங்கள் மீன்வாடிக் குடிசையில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. சூட்டைக் கையால் பார்க்காமல் நானே காலில் ஊற்றினேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மருந்தை மாதக்கணக்காகத் தொடவில்லை. பாதம் மரத்துப்போய், வெந்தது கூடத் தெரியவில்லை.

என் மனைவி மெற்றில்டா பார்த்ததும் அழுதாள். “ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.” நான் ஐந்து நாள் கடத்தினேன். கால் கறுத்தது.

“ஆர் சுடுதண்ணி ஊத்தினது?” என்று டாக்டர் கேட்டார். பக்கத்தில் என் அம்மா. வாய் கூசாமல் சொன்னேன்: “என்ர மனுசி.”

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. கோயிலில் மெற்றில்டா உட்கார்ந்த வாங்கில் உட்காரவும் மாட்டார். அவளோ ஒருவரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: “காலோட சேத்து மானமும் போனா நீங்கள் என்னண்டு எழும்புவீங்கள்?” அவள் கையால்தான் என் புண் ஆறியது. அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

பிறகு ஆஸ்பத்திரியில் தங்கவைத்துப் பொய்க்கால் பொருத்தினார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்பேன். அடி எடுத்து வைக்க முடியாது. அங்கே நடைப் பயிற்சி தந்த பிள்ளை சிரிப்பாள். “அண்ணை, கம்பியைக் கலியாணம் முடிச்சிட்டியளோ? விடுங்கோ கையை!” மூன்று கிழமை அப்படியே போனது. நடக்க வையும் ஆண்டவரே என்று தினமும் கெஞ்சினேன்.

ஒருநாள் விடிய, செபமாலை சொல்லும்போது மனதில் ஒரு கேள்வி விழுந்தது: நடந்து எங்கே போகப் போகிறாய்? “முதலில் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லுவேன்” என்றேன். அன்று பகல் கம்பியை விட்டு ஏழு அடி வைத்தேன். நம்பினால் நம்புங்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மணல் ஒழுங்கை வழியே இரண்டு தரம் விழுந்து எழும்பி அம்மாவிடம் போனேன். சொன்னேன்.

“அறுவானே! அந்தப் பிள்ளையின்ர முகத்தில முழிக்காமல் இருந்தனானே!” என்று அம்மா தலையில் அடித்தார். “நடந்து வந்திட்டாய் எண்டு சந்தோசப்படவும் விடுறாய் இல்லையே.”

என்னை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பும் போடாமல் ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கு ஓடினார். நான் பின்னால் நொண்டி வந்து சேர்ந்தபோது, அவரும் மெற்றில்டாவும் அடுப்படியில் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சரிதான்.

இப்போது நேரத்துக்கு மருந்து எடுக்கிறேன். நடக்கிறேன். ஆண்டவருக்குத் தோத்திரம். உங்கள் மன்றாட்டும் நகராமல் நின்றால், யாருக்கு என்ன செய்தீர்கள் என்று அவரிடமே கேளுங்கள். அவர் காட்டும் வீட்டுக்குப் பயப்படாமல் போங்கள்.