பச்சை எண்ணெய்க் கார்

அந்தக் காரைக் கெடுத்தவன் நான். பழியை லத்தீபின் தலையில் போட்டவனும் நான்தான்!

முகத்தைச் சுளிக்காதே. இதைவிடக் கேவலமான காரியம் ஒன்று உன்னிடமும் இருக்கும். சொல்லத்தான் உனக்குத் துணிவில்லை.

எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலம் அது. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி ஒரு கராஜ் வைத்திருந்தேன். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காது. இல்லாததற்குப் பதிலாக இருக்கிறதைப் போட்டு வண்டியை ஓட்டிக் காட்டுபவனே கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரப் பட்டம் என் தலைக்கேறியிருந்தது...

ஒரு முதலாளியிடம் பழைய பிரெஞ்சுக் கார் இருந்தது. மற்றக் கார்களைப்போல் உடலைத் தாங்க அதற்கு இரும்பு வில், அதாவது ஸ்பிரிங், கிடையாது. இயந்திரம் ஓடத் தொடங்கினால் எண்ணெய் அழுத்தத்தில் தானாகவே எழும்பும். எத்தனை பேர் ஏறினாலும் சரிமட்டமாக நிற்கும். மூதூர் லத்தீப்தான் சாரதி. முதலாளியின் லொறியையும் அவனே ஓட்டினான். அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் காரின் பின்பக்கம் எழும்பவில்லை என்று கொண்டுவந்தான்.

நேர்மையான தொழிலாளி என்ன செய்வான்? காருக்கடியில் படுத்து, உயரத்தை அறிந்து எண்ணெயைத் திறந்துவிடும் சிறு கம்பியை முதலில் பார்ப்பான். நானா மண்ணில் படுப்பேன்? பெரிய பாஸ் அல்லவா நான்! மூடியைத் தூக்கினேன். எண்ணெய் சற்றுக் குறைந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்கென்றே உள்ள பச்சை எண்ணெயைத் தவிர வேறொன்றும் ஊற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியும். எண்ணெய் எண்ணெய்தானே என்று ஓர் இளக்காரம். லத்தீப் பள்ளிக்கு நடுப்பகல் லுகர் தொழப் போயிருந்த நேரத்தில் பிறேக் ஒயிலை எடுத்து ஊற்றினேன்.

எண்ணெய் ஊறினால் தானாக எழும்பும் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தேன். சில நாட்களில் உள்ளே இருந்த றப்பர் எல்லாம் ஊதிக் கிழிந்தது. கார் அடைகாக்கும் கோழியாய் நிலத்தோடு படுத்துவிட்டது. கராஜுக்கு இழுத்து வந்தார்கள்; அப்போதுதான் அடியில் புகுந்து பார்த்தேன். கிண்ணியாவில் வாகனங்களை அக்கரை சேர்க்கும் பாதைப்படகில் ஏற்றி இறக்கும்போது பட்ட உப்புத் தண்ணீரில் அந்தக் கம்பி துருவேறி இறுகிக் கிடந்தது. துருவைச் சுரண்டிக் கொஞ்சம் கிறீஸ் பூசியிருந்தால் போதும்... சீ!

முதலாளி லத்தீபுடன் வந்து கேட்டார்.

"லொறிக்கு ஊத்துற பிறேக் ஒயிலை உங்கட ரைவர் இதுக்கும் ஊத்திப்போட்டான்," என்றேன்.

அந்தப் பெரிய மனிதர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அங்கேயே லத்தீபை வேலையிலிருந்து நிறுத்தினார். லத்தீப் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாவியை முதலாளியிடம் நீட்டிவிட்டுப் போனான். கோழை என்று அவனையும் மனதுக்குள் ஏளனம் செய்தேன்!

சில வருடங்கள் கழித்து மூதூருக்குப் போகையில், கிண்ணியாத் துறையில் அவனைக் கண்டேன். பாதைப்படகில் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். திட்டப்போகிறான் என்று எண்ணி, பதிலுக்குத் திட்ட நானும் ஆயத்தமானேன். படகில் கூரையாகக் கட்டியிருந்த பாயின் நிழலில் தான் நின்ற இடத்தை எனக்கு விட்டுவிட்டு, வெயிலுக்குத் தள்ளி நின்றான்.

"நீங்க சொன்னாப் பிறகுதான் பாஸ் யோசிச்சனான். பச்சை எண்ணெய் டின்னும் பிறேக் ஒயில் டின்னும் ஒண்டாத்தான் கிடந்தது. நான்தான் மாறி ஊத்தியிருக்கிறன். உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன்."

என் பொய்யை என்னைவிட அவன் நம்பியிருந்தான்! அப்போதாவது சொன்னேனா? இல்லை...

"ஓம். இனியாவது கவனமா இரு," என்றேன். அக்கரை சேரும்வரை அந்த நிழலிலேயே நின்றேன்.