ஐந்தாவது பிரேம்

போன புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெருமாநல்லூர் ரோட்டில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், முதலாளியின் அறையில் நான்கு பேர் இருந்தோம். முதலாளி, மேனேஜர், பிரிண்டிங் செக்கிங்கில் இருந்த ஓர் அக்கா, நான். இருந்திருக்க வேண்டிய ஐந்தாவது ஆள் வரவில்லை. என்னோடு வேலை பார்த்த அவன், மூலனூரில் அக்கா மகனுக்குக் காதுகுத்து என்று லீவு போட்டிருந்தான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அதற்குப் போனதில் எனக்குக் கோபமில்லை. மற்ற எல்லாவற்றிலும் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. அதைவிட அதிகமாக என்மேல் இருக்கிறது.

மேஜைமேல் ஒரு டி-ஷர்ட் கிடந்தது. நெஞ்சில் நெருப்புக் கக்கும் டிராகன். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: 'லூசர்களுக்கு மட்டும்'. அதே மாதிரி ஆயிரத்து எண்ணூறு பீஸ் தைத்து, தேய்த்து, கீழே தயாராக இருந்தன. அந்த வரியை எழுதியவன் நான்.

அவனும் நானும் கம்ப்யூட்டர் கேம் பைத்தியங்கள். நாமே ஒரு வீரனாகி, ஊர் ஊராகச் சுற்றி, சண்டை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்க்கிற வகை கேம். வருடக்கணக்கில் ஆடுவோம். என் கேமில் வாள், அவன் கேமில் டிராகன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் கம்பெனியில் டிசைன் போடும் எனக்கு நாள் முழுக்க 'தம்பி, அதை மாத்து, இதை எடு' என்ற குரல்தான். கேமில் மட்டும் என் பின்னால் நாற்பது பேர் வருவார்கள். அதனால் அதை யாராவது குறை சொன்னால் சுருக்கென்று இருக்கும்.

அவன் சொல்வான். "ஏனுங்க வீரரே, உங்க கேமுல குதிரைக்குக் காலு இன்னும் தரையில படறதில்லையாமா? காத்துலயே ஓடுதாமா?"

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். விடுவேனா? "உன் டிராகன் பறக்கணும்னா காசு கட்டணுமாமே. ஏலே, அது டிராகனா, மினி பஸ்ஸா?"

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவரை வம்பில்லை. அவனுடைய கேமின் ரசிகர்களுக்கென்று ஒரு வெளிநாட்டுக் கடையிலிருந்து டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. அவன் தலைகால் தெரியாமல் ஆடினான். "எங்க கேமுக்கு நாடே பனியன் போடுதுங்க சாமி. உங்க கேமுக்கு ஒரு கர்ச்சீப்பாவது உண்டுங்களா?" ஆபீசே சிரித்தது. அந்த டிராகனைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டியவன் நான். வயிறு எரிந்தது.

பிரிண்டிங்கில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிரேம் வேண்டும். சட்டத்தில் இழுத்து ஒட்டிய வலைத்துணி அது. இந்த டிசைனுக்கு நான்கு கலர், நான்கு பிரேம். அவனைச் சீண்ட நான் எழுதிய அந்த ஒரு வரிக்காக ஐந்தாவதாக ஒன்று கேட்டேன். பிரேம் போடுகிற அண்ணன், "நம்பர் சொல்லுங்க தம்பி, நம்பரில்லாத பிரேம ரேக்குல வெக்க முடியாது" என்றார். நான் அந்த ஆர்டரின் நம்பரையே சொன்னேன். எங்கள் தொழிலில் நம்பர் எழுதின பிரேம் என்றால் அது ஆர்டர். யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

ஒரே ஒரு துணியில் அடித்து, டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் அவன் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை ஆபீஸ் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் முகம் கறுத்துப்போய், துணியைச் சுருட்டிப் பிரிண்டிங் மேஜையில் வீசிவிட்டுப் போனான். நான் அதை எடுக்கவில்லை. அழித்துவிட வேண்டும் என்று வைத்திருந்த பிரேமையும் மறந்தேன்.

மறுநாள் பிரிண்டிங் தொடங்கியது. ஒடிசாப் பையன்கள் ரேக்கில் அந்த நம்பரில் இருந்த ஐந்து பிரேமையும் எடுத்தார்கள். மேஜையில் கிடந்த துணியைச் சாம்பிள் என்று நினைத்துக் கம்பியில் தொங்கவிட்டார்கள். நிஜமான சாம்பிள் என் டிராயரில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். ஆனால் நான் பிரிண்டிங் நடந்த இரண்டு நாளும் என் கேமின் இணைய ரசிகர் குழுவில் என் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தேன். கடைசியில், ஆர்டர் கொடுத்த பையர், அதாவது அந்த வெளிநாட்டுக் கடைக்காரர், அனுப்பிய ஆள் வந்து சட்டையைப் படித்த பிறகுதான் கம்பெனிக்கே தெரிந்தது.

அதற்குத்தான் அந்த அறை. மேனேஜர் அக்காவிடம் கத்தினார். "ஏம்மா, கண்ண எங்க வெச்சிருந்தீங்க? அத்தன பீஸும் உங்க கையிலதான வந்துது?"

"வந்துதுங்க சார். சாம்பிள்ல இருந்த மாதிரியேதானுங்க இருந்துது. ஓட்ட பாரு, கற பாரு, கலரு பாருன்னு சொன்னீங்க. பாத்தனுங்க."

"எழுத்தப் படிக்கத் தெரியாதா?"

"தெரிஞ்சா நான் ஏனுங்க சார் நின்னுட்டே வேல பாக்கறேன்?"

எங்கள் அம்மாவும் இன்னொரு கம்பெனியில் இப்படி நின்றுகொண்டேதான் செக்கிங் பார்க்கிறார். அப்படியும் நான் வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லி, அந்த அக்கா கழுத்திலிருந்த கார்டைக் கழற்றி மேஜையில் வைத்த பிறகுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

முதலாளி என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. "ஏங்கண்ணு, படிச்ச பையன் நீ, இப்பிடியா பண்றது? போ, அந்த பீஸுக்கு என்ன வழின்னு பாரு" என்றார். அவ்வளவுதான். "அப்ப அக்கா?" என்று கேட்டேன். "அது வேற தம்பி. செக்கிங்னா செக்கிங்தான்" என்றார் மேனேஜர்.

குற்றம் செய்த எனக்குக் 'கண்ணு'. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தவருக்கு 'ஏம்மா'. இத்தனைக்கும் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம்கூட இல்லை. அந்த வரியின்மேல் கறுப்பாக ஒரு பட்டை அடித்து, பையரைச் சம்மதிக்க வைத்து, எல்லாம் கப்பலேறிவிட்டது.

அதற்குள் யாரோ சட்டையைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். டிராகன் கோஷ்டி என் குடும்பத்தையே திட்டியது. என் கோஷ்டி என்னைத் தளபதி என்றது. 'இதனால் ஓர் அக்காவுக்கு வேலை போய்விட்டது' என்று எழுதினேன். ஒருவன் பதில் போட்டான்: 'அத விடு தல, மிச்ச பீஸ் இருந்தா எக்ஸ்எல் ஒண்ணு அனுப்பு.' அன்றோடு குழுவை விட்டு வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை அவன் வந்தான். கம்பியில் தொங்கிய துணியை அவன் லீவில் போவதற்கு முன்பே பார்த்திருக்கிறான். "நீ மாட்டட்டும்னுதான் விட்டேன். அது அக்கா தலைல விடியும்னு நான் என்னத்தடா கண்டேன்?" என்றான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் அடிக்கக் கை வரவில்லை. அடிக்க எனக்கு என்ன யோக்கியதை? அக்காவைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி இருவரும் மேனேஜரிடம் போய் நின்றோம். அவர் தலை நிமிராமலே முடியாது என்றார். மாதக் கடைசியில் நான் வேலையை விட்டேன். அது ஒன்றும் தியாகமில்லை, அடுத்த தெருவிலேயே வேறு வேலை கிடைத்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அக்காவைத் தேடிப் போனேன். வேறொரு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தார். சேர்ந்து சில வாரமே ஆனவர்களுக்கு அங்கே போனஸ் இல்லை. பழைய இடத்திலும் தரவில்லை. நான் நீட்டிய கவரை அவர் தொடவே இல்லை. "போனஸ் வேல பாத்த எடத்துல வாங்கறது சாமி, உங்கையில வாங்கறதில்ல. நீ வேணும்னு பண்ணல, தெரியும். ஆனா நான் கார்டக் கழட்டற வரைக்கும் பாத்துட்டுதான நின்ன?"

எந்த கேம் பெரிது என்று நாங்கள் போட்ட சண்டையில் எனக்கோ அவனுக்கோ ஒரு ரூபாய்கூடப் போகவில்லை என்பதுதான் இன்னும் என் நெஞ்சில் எரிகிறது. போனது அந்த அக்காவின் ஏழு வருட வேலையும், அந்தத் தீபாவளிக்கு அவர் வாங்கியிருக்க வேண்டிய பதிமூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாயும்.